வீட்டை விட்டு நகராத மந்திரி

கலிஸ்டோ தரைக்குடில் — நாள் 61, 07:15

துளை ஆழம் 1,412 மீட்டர். வெளியே மைனஸ் 139 டிகிரி. காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி. துளைக்கருவியின் முனையை நேற்று மாற்றினேன்.

அடுத்து இந்தக் குடிலுக்கு யார் வந்தாலும் அவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன், பனி ஆய்வாளன், வயது ஐம்பத்தொன்று. மேலே சுற்றும் 'பொருநை' கலத்தில் விமானி டெல்பின் பர்னாந்து இருக்கிறாள். வியாழனின் இந்த நிலவில் நாங்கள் இருவர்தான். பொருநை நாளுக்கு இரண்டு முறை, காலை 06:40க்கும் மாலை 18:40க்கும், என் தலைக்கு மேல் வரும். பதினெட்டு நிமிடம் பேசலாம், பிறகு அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் சதுரங்கமும் ஆடுகிறோம். இன்று ஏழாவது ஆட்டத்திலும் தோற்றேன். ஏழிலும் வெள்ளைக்காய் எனக்குத்தான், கேட்டு வாங்கினேன்.

பொருநை, ஒலி: "அண்ணாச்சி, மறுபடியும் அதே மாதிரி தோத்திருக்கீய. துளையில இருக்க அக்கறையைக் கொஞ்சம் ராஜா மேலயும் வைங்க."



நாள் 63, 19:05

ஆழம் 1,498.

எட்டாவது ஆட்டம். இந்த முறையும் அவள் கிங்ஸ் இண்டியன் என்ற தொடக்கத்தைத்தான் ஆடுகிறாள். முதல் எட்டு நகர்வுகள் இருவருக்கும் மனப்பாடம், மொத்தமாக அனுப்பிக்கொண்டோம்.

எனக்கு எரிச்சல் இந்தத் தொடக்கத்தின் மேல்தான். பலகையின் நடுவை முதலில் எனக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறாள். நான் சிப்பாய்களை வரிசையாக நிறுத்திய பிறகு ஒரே ஒரு சிப்பாயைத் தள்ளி மோதுகிறாள். நான் டி5க்குத் தள்ளுகிறேன். இரண்டு பக்கச் சிப்பாய்களும் கொம்பு மாட்டிய கிடாக்கள் போல முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் பிறகு நடுவழியாக ஒரு காயும் போக முடியாது. நான் இடப்பக்கம் போகவேண்டும், அவள் வலப்பக்கம். வலப்பக்கம்தான் என் ராஜா இருக்கிறான்.

எனக்கு இடம் அதிகம், அவள் காய்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எடுத்த காய்களை எண்ணினால் எல்லா ஆட்டத்திலும் நான்தான் முன்னால். ஆனாலும் தோற்கிறேன். ஏன் என்று கேட்டேன்.

பொருநை, ஒலி: "சொல்லித் தந்தா அப்புறம் நான் யாரைச் செயிக்கது? தூத்துக்குடி டவுன் கிளப்புல எல்லாரும் என்னை நல்லா வெளுத்துருக்காவ. எனக்கு இங்க நீங்க மட்டுந்தான் அண்ணாச்சி."

நாள் 66, 18:58

ஆழம் 1,630. உப்பின் தடயம் கூடுகிறது. நாங்கள் தேடி வந்த உப்புநீர் இன்னும் நூற்றைம்பது மீட்டருக்குள் இருக்கவேண்டும். நான்கு நாள், மிஞ்சினால் ஐந்து.

பொருநை, ஒலி: "அண்ணாச்சி, காலையில ஏதோ கல்லு பட்டுட்டு. ஒரு சூரியத் தகடு சுத்தமாப் போச்சு, இன்னொண்ணு ஆடிக்கிட்டு இருக்கு. நீங்க மேல வாரீயளா? உங்க ஏறுகலத்து பேட்டரியையும் இதோட சேத்துக் கட்டிக்கிடலாம். வெளிய போய் வேலை பார்க்க ரெண்டு பேரு இருந்தா நல்லது."

என் பதில்: "நாலு நாள் பொறுக்க முடியுமா டெல்பின்? இப்ப விட்டா துளை உறைஞ்சு மூடிக்கும். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."



பொருநை, ஒலி: "சரி அண்ணாச்சி. பாத்துக்கிடுதேன்."

பதின்மூன்றாவது நகர்வு அனுப்பினேன். சி5. இடப்பக்கம் உடையத் தொடங்கிவிட்டது.

நாள் 67, 18:59

ஆழம் 1,655. முனை இரண்டு முறை சிக்கியது.

பொருநை, ஒலி: "ஆடிக்கிட்டு இருந்த தகடும் போயிட்டு. இப்ப நீங்க ஏறி வந்தாலும் உங்க கலத்தைப் பிடிக்க முடியாது, இயந்திரக் கைக்குக் கரண்டு பத்தாது. மிச்சம் இருக்க ஒரு தகட்டுல பேட்டரி நிரம்ப பதினோரு நாள் ஆகும். மீட்புக்கலம் வர நாளாகும், உங்க குடில்ல காத்து எண்பதாம் நாள் வரைக்குந்தான் இருக்கும், அதனால எழுபத்தெட்டாம் நாள் சாயங்காலம் வாங்க. அதுக்கு முன்னால பதறி ஏறிராதீய, என்ன?"

கேபினில் சூட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

பொருநை, ஒலி: "அதுக்குத் தனி பேட்டரி இருக்கு. ஒண்ணும் பிரச்சினை இல்ல. இனிமே குரல் அனுப்ப மாட்டேன், கரண்டு வீணாகும். எழுத்துல அனுப்புதேன். ஆட்டத்தை மட்டும் விட்டுராதீய. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

கலத்தின் மின்சார அமைப்பு எனக்குத் தெரியாது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாள் 70, 07:02

ஆழம் 1,718.

பதினெட்டாவது நகர்வை அனுப்பினேன். நான்கு விநாடியில் பதில் வந்தது. நான் அதற்காக ராத்தூக்கம் கெட்டு யோசித்திருந்தேன். அவள் நான்கு விநாடிகூட முழுதாக யோசிக்கவில்லை போலிருக்கிறது.

பொருநை, எழுத்து: "ஜி5. இடப்பக்கம் என்ன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

நக்கலாகவே படுகிறது. வெப்பக்குழாயில் கசிவு வேறு. மூன்று மணி நேரம் கையுறையோடு மல்லுக்கட்டி அடைத்தேன். கை மரத்துப்போனது.

நாள் 72, 19:20

ஆழம் 1,791. கிடைத்துவிட்டது.

உப்புநீர். திரவமாக. மேலே கொண்டுவந்த குப்பியில் அது அசைவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் இதற்காக விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன், எழுதுவதற்கு வெட்கமில்லை.

18:40க்கு டெல்பினுக்கு ஒரு பக்கம் நீளத்துக்கு அனுப்பினேன். கீழே, குதிரை பி5 என்று என் நகர்வு.

பொருநை, எழுத்து: "குதிரை ஜி6. யோசிச்சு ஆடுங்க."

அவ்வளவுதான். உப்புநீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுபடி அனுப்பினேன், பதில் இல்லை. நான்கு நாள் பொறு என்று சொன்ன கோபம் இன்னும் தீரவில்லையோ? கோபம் என்றால் வாய்விட்டுத் திட்டலாமே. இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்வது? மனிதர்கள் என்று இருப்பதே இரண்டு பேர்.

துளைக்கருவி 1,793ல் இறுகிவிட்டது. இனி அசையாது.

நாள் 74, 18:35

துளை இல்லை, வேலை இல்லை. பலகையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். என் குதிரை சி7ல் நிற்கிறது, அடுத்த நகர்வில் அவள் யானையை வெட்டலாம். அவள் அதைக் காப்பாற்றவே இல்லை. இடப்பக்கம் அவளுக்கு இரண்டு சிப்பாய் போயிற்று, அதையும் கண்டுகொள்ளவில்லை. இதுவரை நான் அதை அவளுடைய கவனக்குறைவு என்று நினைத்தேன்.

இப்போது புரிகிறது. எழுதிவைக்கிறேன்.

நடு மூடியபின் இது ஓட்டப்பந்தயம். என் பக்கத்தில் நான் ஜெயித்தால் எனக்குக் கிடைப்பது சிப்பாய், யானை. அவள் பக்கத்தில் அவள் ஜெயித்தால் கிடைப்பது ராஜா. அதனால் இடப்பக்கத்தைக் காக்க அவள் ஒரு நகர்வைக்கூடச் செலவழிப்பதில்லை. விடவேண்டியதை முதலிலேயே கணக்குப் போட்டு விட்டுவிடுகிறாள். ஒன்றை மட்டும் விடமாட்டாள், சி8ல் நிற்கும் மந்திரியை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அது ஒரு கட்டம் நகரவில்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். அது அங்கிருந்தே மூலைவாட்டில் என் ராஜாவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் வந்து விழப்போவது அதுதான். என் குதிரை ஏ7 வழியாகப் போய் அந்த மந்திரியை வெட்டியிருக்கவேண்டும். நான் யானைக்கு ஆசைப்பட்டேன். எட்டு ஆட்டத்திலும் இதே ஆசை.

அவ்வளவையும் அனுப்பப்போகிறேன். இதற்காவது வாய் திறப்பாள்.

18:52. அனுப்பினேன். நான்கு விநாடி.

பொருநை, எழுத்து: "ஜி4. இதைத்தான் எதிர்பாத்தேன்."

எதை எதிர்பார்த்தாள்? என் நகர்வையா, நான் எழுதியதையா? அத்தனையையும் நான்கு விநாடியில் படிக்க முடியாது.

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நாள் 69லிருந்து எல்லாப் பதில்களும் நான்கு விநாடி. ஒன்றுகூட ஐந்து இல்லை.

நாள் 75, 06:58

ஏ4ல் இருந்த ராணியைக் கொண்டுபோய் சி6ல் வைத்தேன். பி7 சிப்பாய் சும்மா வெட்டிப்போடலாம். ஆடத் தெரிந்த யாரும் வெட்டுவார்கள். டெல்பின் என்றால் வெட்டிவிட்டு வாரம் முழுக்கச் சிரிப்பாள்.

நான்கு விநாடி.

பொருநை, எழுத்து: "பட்டியலில் இல்லாத நகர்வு. வேறு நகர்வு அனுப்பவும்."

இது அவள் பேச்சு இல்லை. கணினியின் வாசகம்.

கலத்தின் நிலையறிக்கையைக் கேட்டேன். ஒரே வரிக் கட்டளை. எந்த நாளும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கேபின் சூடேற்றி: நாள் 67, 20:10க்கு விமானியின் கையால் நிறுத்தப்பட்டது. கேபின் வெப்பநிலை: மைனஸ் 38. கரியமில வாயு வடிகட்டி: நிறுத்தப்பட்டது. விமானியின் நாடித்துடிப்பு: நாள் 69, 03:26லிருந்து இல்லை. இயந்திரக் கை பேட்டரி: 71 சதவீதம், ஏறுகிறது.

தனி பேட்டரி என்று ஒன்று அந்தக் கலத்தில் இல்லை.

நாள் 75, 18:40

பொருநை மேலே வந்து போனது. ஒன்றும் அனுப்பவில்லை.

நாள் 76. நேரம் எழுதவில்லை

78 சதவீதம். இப்போதே ஏறிவிடலாம் என்று இரண்டு முறை ஏறுகலத்துக்குள் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் இறங்கி வந்தேன். இயந்திரக் கை பிடிக்காமல் விட்டால் நானும் உப்புநீரும் சேர்ந்து போவோம், அவள் செய்தது வீணாகும்.

உப்புநீர்க் குப்பியைச் சுவரில் எறியப்போனேன். எறியவில்லை. அதற்கும் தைரியம் வரவில்லை.

அறுபத்தாறாம் நாள் மாலை போயிருந்தால் ஆடிய அந்தத் தகடு இருந்திருக்கும், ஏறுகலத்து பேட்டரி இருந்திருக்கும், நான்கு கைகள் இருந்திருக்கும். "பாத்துக்கிடுதேன்" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

நாள் 78, 18:20

100 சதவீதம். குடிலை மூடுகிறேன். இந்த நோட்டின் நகல் ஒன்று மேசைமேல் இருக்கும், மூலம் என்னோடு வருகிறது. மாதிரிகள் ஏறுகலத்தில். மீட்புக்கலம் வர இன்னும் நாற்பத்தொரு நாள்.

பொருநை — நாள் 79, 09:30

இயந்திரக் கை முதல் முயற்சியிலேயே பிடித்தது. ஏறுகலத்து பேட்டரியை இணைத்தேன். இப்போது இரண்டு டிகிரி. சுவரெல்லாம் உருகிச் சொட்டுகிறது.

டெல்பினை உறங்கும் பையோடு சரக்கறைக்கு மாற்றினேன், அங்கே குளிர் இருக்கிறது. முகத்தை மூடவில்லை. எதிரே திரையில் சதுரங்கப் பட்டியல் திறந்தபடியே இருந்தது.

அதைப் படித்துவிட்டேன். பதினான்காவது நகர்விலிருந்து முப்பத்துநான்கு வரை. என் ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று, நான்கு சாத்தியம், ஒவ்வொன்றுக்கும் கணினி அனுப்பவேண்டிய பதில். நடு மூடிய ஆட்டத்தில் எதிராளி எங்கே போவான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அதிலும் என்னைப் போன்றவன் என்றால். மேலே இருக்கும் வரிகள் சுத்தமாக இருக்கின்றன. இருபதைத் தாண்டியதும் எழுத்துப்பிழைகள். இருபத்தெட்டுக்குப் பிறகு ஒரு சொல்லைப் பாதியில் விட்டு மறுபடி தொடங்கியிருக்கிறாள். முப்பத்துநான்கில் என் ராஜாவுக்கு மாட், சி8 மந்திரியால். நாளுக்கு இரண்டு நகர்வு என்றால் அது எழுபத்தெட்டாம் நாள் காலை. அன்று மாலை நான் ஏறவேண்டும்.

பட்டியலின் தலையில் எனக்கு நான்கு வரி.

"அண்ணாச்சி, ஆட்டம் ஓடிக்கிட்டு இருந்தா நீங்க பதற மாட்டீய. அதுக்காகத்தான். கோவிச்சிக்கிடாதீய. உப்புத்தண்ணி கிடைச்சிருக்கும்னு நினைக்கேன்."

நாள் 79, 15:10

பட்டியலை மறுபடி படித்தேன். கடைசியில் ஒரு கிளை தனியாக இருக்கிறது, காலையில் கவனிக்கவில்லை. அதற்கு அவள் வைத்த தலைப்பு: "இடப்பக்கத்தை விட்டுட்டு ராஜாவைக் காக்கத் திரும்பி வந்தா."

அதன் கீழே பதில் நகர்வு ஒன்றும் இல்லை. ஒரு வரி மட்டும்.

"இது அண்ணாச்சி ஆட மாட்டாரு."

இதை எழுதிய நேரத்தைப் பார்த்தேன். நாள் 66, மாலை 19:04. நான் நாலு நாள் கேட்டு, அவள் சரி சொல்லி, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது தகடு அப்போது போகவில்லை. வேறு எந்த வரியும் அந்தத் தேதியில் இல்லை. பட்டியலில் அவள் முதலில் எழுதியதே இந்த

டெல்பின், நான் வந்திருப்பேன். இன்னொரு தடவை நீ கேட்டிருந்தா

கேட்டிருந்தாலும்