ஒரு டின் புரோக்கோலி

4 மார்ச், திங்கள்

இன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் பரமேஸ்வரன், மருமகள் மாதவி, மருந்து கொடுக்கும் பெண் சிந்து, நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருந்த இராஜம்மாவாகிய நான். கூப்பிடாமல் வந்தவள் ஒருத்தி. பண்டமாரானிலிருந்து அவர் தங்கை புஷ்பவல்லி.

அவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சின்னப் பெட்டியில் வைத்ததும் 2.9 என்று காட்டியது. ஒரு சொட்டுக்குள் ஒரு நம்பர்! நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க, அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டுமாம். குறைந்தால் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விடும். கூடினால் உள்ளே கசியும்.

அவருக்குப் பச்சைக்காய் இல்லாமல் சோறு இறங்காது. "நிறுத்த வேணாம் ஆன்டி. ஆனா தினம் ஒரே அளவா போடணும்லா. பச்சை கூடுனா மருந்து வேலை செய்யாது, நம்பர் எறங்கிடும்" என்றாள் சிந்து. கீரை கட்டுக்குக் கட்டு மாறும். அதனால் புரோக்கோலி என்று முடிவாயிற்று. அவர் சாப்பிடுவதை எழுதி வைக்கவும் சொன்னாள்.

"நான் வேணா எழுதித் தரவா அண்ணி?" என்றாள் புஷ்பவல்லி.

வேண்டாம் என்றேன். 1979-இல் கல்யாணப் பதிவில் நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டபோது, "அண்ணி படம் வரையறாங்க" என்று சிரித்தவள் இவள். மஞ்சள் பாவாடை, சிவப்பு ரிப்பன், வாயில் பாதி லட்டு. ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புதான் படித்தேன். இருக்கட்டும். நானே எழுதுவேன்.

6 மார்ச், புதன்

பிரிக்பீல்ட்ஸ் காய்கறிப் பாசாரில் லோகன் கடை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். "ஆன்டி, புரோக்கோலி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான். பெண் பார்ப்பதை விடக் கஷ்டம்தான்.

தலை இறுக்கமாக இருக்க வேண்டும். நீலம் கலந்த பச்சை. மஞ்சள் தட்டியிருந்தால் கீழே வைத்துவிட வேண்டும். அடித்தண்டு நடுவில் பொந்து விழுந்திருந்தால் முற்றல். பார்க்க ஒரே அளவு இரண்டிருந்தால், கைக்குக் கனக்கிறதை எடுக்க வேண்டும்.

"இது எல்லாம் மொட்டு ஆன்டி. ஒவ்வொரு பொடியும் ஒரு பூ" என்றான். இத்தனை நாள் இலை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒரு தலையில் எத்தனை ஆயிரம் பூ? கண் பூத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அரிசி அளக்கிற பால் டின்னால் ஒரு டின். அதுதான் அவருக்கு ஒரு நாளைக்கு.

9 மார்ச், சனி

பெரிய பூவை உடைத்தால் உள்ளே சின்ன மரம். அதை உடைத்தால் அதைவிடச் சின்ன மரம். நகத்தளவு வரைக்கும் உடைத்துப் பார்த்தேன், அப்போதும் மரம்தான். இதை இப்படிச் செய்து வைத்தது யார்?

மத்தியானம் அவர் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வு சத்தம் கேட்கிறது. டிக், டிக். என் மரத்தை அவர் தின்கிறார், அந்த டிக் நிற்காமல் ஓடுகிறது.

18 மார்ச், திங்கள்

பூ பூவாகப் போட்டால் பல்லில் மாட்டுகிறதாம். "என்னம்மா, துடைப்பத்தை மெல்லுற மாதிரி இருக்கு" என்றார். சரி, இன்றிலிருந்து தண்டோடு பொடியாக அரிந்து, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுக்கிறேன். அதே ஒரு டின். அழுத்தி, தலை தட்டி அளந்தேன். ருசியாக இருக்கிறதாம்.

1 ஏப்ரல், திங்கள்

1.6.

சிந்து இரண்டாம் தடவையும் குத்திப் பார்த்தாள். 1.6 தான். டாக்டரைக் கூப்பிட்டார்கள். மாத்திரை கூட்டினார்கள். நம்பர் ஏறும்வரை தினமும் வயிற்றில் ஊசி. "என்ன புதுசா சாப்பிட்டாரு ஆன்டி?" ஒண்ணுமில்லையே! அதே டின், அதே டின்!

நேற்று மாத்திரம் பண்டமாரானில் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டார். அங்கே வாசலிலேயே முருங்கை மரம். எனக்கு வேறென்ன வேண்டும்? வெளியே வந்து போன் போட்டேன். "முருங்கைக் கீரையப் போட்டு உங்கண்ணனக் கொல்லப் பாத்தியாடி?" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மீன் கறிதான் வச்சேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

நம்பவில்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

டிக் கேட்கிறதா கேட்கிறதா என்று காதை வைத்தே கிடக்கிறேன்.

4 ஏப்ரல், வியாழன்

புஷ்பவல்லி வந்தாள். கையில் சின்னத் தராசு, அடுக்களையில் வைக்கிறது. துறைமுகத்தில் லோரி எடை போடும் இடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள்.

"அண்ணி, முன்னாடி எப்படி அளந்தீங்க? அப்படி ஒரு டின்னு போடுங்க."

பூ பூவாகப் போட்டேன். எண்பத்தைந்து கிராம்.

"இப்ப அளக்குற மாதிரி போடுங்க."

பொடியாக அரிந்து, அழுத்தி, தலை தட்டிப் போட்டேன். நூற்று எழுபது.

திரும்பப் போட்டேன். நூற்று எழுபத்திரண்டு. டின் அதேதான், என் கையும் அதேதான். சந்து சந்தாகக் காற்று இருந்த இடத்திலெல்லாம் பச்சையை அடைத்து, இரண்டு வாரமாக இரண்டு பங்கு ஊட்டியிருக்கிறேன். நான்தான். நானேதான்.

"டின்னு இடத்தத்தான் அளக்கும் அண்ணி. ஒரு லோரி பஞ்சும் ஒரு லோரி மணலும் ஒரே எடையா?" என்றாள், மெதுவாக. மாதவி போட்ட தேத்தண்ணியைக் குடித்தாள். தராசை அடுப்பு மேடையில் வைத்தாள். போனில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

நான் வாசல் வரை கூடப் போகவில்லை.

15 ஏப்ரல், திங்கள்

2.7. இனி ஊசி வேண்டாமாம். சிந்து கை தட்டினாள். அவர், "இன்னைக்கு என்ன, எண்பத்தஞ்சா?" என்று சிரித்தார்.

எண்பத்தைந்துதான். ஒரு சின்ன மொட்டை எடுத்தால் தராசில் நம்பர் இறங்குகிறது, திரும்ப வைத்தால் ஏறுகிறது. ஒரு மொட்டுக்கூட அதற்குத் தெரிகிறது! வேண்டுமென்றே எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

படம் வரைந்த கதையை இன்றோடு விட்டுவிட்டேன். நாற்பத்தைந்து வருஷம் போதும். ஆனால் நான் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தினேனே, திருப்பி ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? அன்றைக்குத் தராசை வைக்கும்போதாவது "பாத்தீங்களா அண்ணி" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, ஆறியிருப்பேன். தினமும் காலையில் அந்தத் தராசின் முன்னால் நிற்க வைத்துவிட்டாளே!

அதுக்காகவே மன்னிக்க மாட்டேன், புஷ்பவல்லியை.