முப்பத்தொன்றாம் சேனல்

புக்கிட் ரோத்தான்
12.9.2024

அன்புள்ள தம்பி கணேஸ்வரனுக்கு,

அண்ணி ஷாமளா எழுதுவது. நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு மலாய்ப் பெண் எடுத்து, தப்பான நம்பர் என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் கோலா குபு பாரு விலாசத்துக்கு இந்தக் கடிதம். வீடு மாறியிருந்தால் யாராவது திருப்பி அனுப்பட்டும்.

அண்ணனை வீட்டிலிருந்து தூக்கியபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் உங்கள் வேனோடு நீங்கள் நின்றதைப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். மகன் இல்லாத வீட்டில் தம்பி நீங்கள்தான் கொள்ளி வைத்திருக்க வேண்டும். மகள் நித்தியாவின் வீட்டுக்காரர் ஜொகூரிலிருந்து வந்து வைத்தார். மருமகன்தானே, தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. ஹாலில் டிவிக்குக் கீழே நீங்களும் அண்ணனும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் பொருத்தினீர்களே, எண்டனா சேனலும் டிஷ் சேனலும் எல்லாம் ஒரே ரிமோட்டில் வரும் என்று, அது தானாகத் திறந்துகொள்கிறது. அண்ணன் போன மூன்றாம் நாள், படத்துக்கு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறோம், ஹால் நிறைய ஆள். மாலை ஆறே முக்காலுக்கு டிவி தானாகத் திறந்து குத்துப்பாட்டு. பதினாறு நாளும் ரேடியோகூடப் போடக்கூடாத வீட்டில்! நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். எதிர்வீட்டு விமலா, "அண்ணந்தான் வந்து போட்றாரு லா, பயப்படாதீங்கக்கா" என்றாள். பயப்படாமல் எப்படி இருப்பது?

கருமாதி முடிந்து மறுபடியும் பிளக்கைச் சொருகினேன். அன்றைக்கும் அதே ஆறே முக்கால், அதே ஒன்றாம் நம்பர், அதே பாட்டு. அவர் நாற்காலி காலியாக இருக்கிறது, எதிரே டிவி பாடுகிறது. எப்படி நிறுத்துவது என்று கொஞ்சம் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணி ஷாமளா


கோலா குபு பாரு
20.9.2024

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு மாறவில்லை.

பேயும் இல்லை, அண்ணனும் இல்லை. அது நான் வைத்த டைமர். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மாவட்டம் தாண்டக்கூடாது என்றிருந்தபோது அம்மா என் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். பார்க்க முடியவில்லையே என்று அண்ணன் போனில் அழுதார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கேமரா மாட்டி, அதையும் ஒரு சேனலாக உங்கள் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். பெயர் ‘அம்மா’. அண்ணனுக்கு நம்பர் அழுத்துவதைத் தவிர வேறு தெரியாது, அதனால் எண் ஒன்று. மில்லில் லோரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து, ஆறே முக்காலுக்கு டிவி தானாகத் திறந்து ஒன்றாம் எண்ணில் நிற்கும்படி வைத்தேன். அம்மாவுக்கும் அந்த நேரம் தெரியும். தலையைச் சீவிவிடச் சொல்வார். கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவார். பார்த்துவிட்டு அண்ணன் போன் அடிப்பார்.

நிறுத்துவது சுலபம். மெனு, அதில் ‘டைமர்’, அதில் ஒரே ஒரு வரி இருக்கும், அழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்றாம் நம்பரில் பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாம் நம்பரில் பாட்டு எப்படி வந்தது? அம்மா இறந்த அன்று ஆறே முக்காலுக்கு அண்ணன் எனக்கு அடித்து, "அம்மா வரலியே, கேமராவ ஏன்டா அடைச்சே?" என்று கத்தினார். அடைக்கவில்லை என்று அம்மா தலையில் கைவைத்துச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசி முகத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டேன் என்று மூன்று வருடம் பேசாமலே போய்ச் சேர்ந்தார். கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு, அண்ணி. அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
27.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

கஸ்டமருக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒரு போன் நம்பர்கூட இல்லை. பரவாயில்லை, பதில் வந்ததே பெரிது.

டைமரை அழிக்கப் போனேன். அந்த ஒரு வரிக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், அழுத்த மனசு வரவில்லை. அண்ணனும் அழிக்கவிட்டதில்லை. அத்தை போன பிறகும் தினமும் அது திறக்கும், பாட்டு ஓடும். அவர் எழுந்து வெளியே போய் பண்டான் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். நிறுத்திவிடலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "கெடக்கட்டும். என்னைக்காச்சும் அம்மா வருவாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றாம் நம்பரில் பாட்டு, இரண்டில் செய்தி, மூன்றில் மலாய்ச் சமையல். எப்போது மாறியது என்று எனக்கு எப்படித் தெரியும்? பலத்த மழை பெய்தால் சேனல்கள் இடம் மாறிவிடும் என்று சொல்கிறார்கள். இங்கே மழைக்குக் குறைச்சலா? நீங்களே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது. தீபாவளிக்கு முன்னால் வாருங்கள். இந்த வருடம் நமக்குப் பண்டிகை இல்லை, சோறாவது சாப்பிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அண்ணி


கோலா குபு பாரு
4.10.2024

அண்ணி அவர்களுக்கு,

மழைக்கு டிஷ் படம் போகும். சேனல் இடம் மாறாது. யாராவது கையால் மாற்றினால்தான் மாறும். அண்ணனுக்கு மாற்றத் தெரியாது. நித்தியா அப்போது ஜொகூரில்.

பட்டியலின் கடைசி வரை போய்ப் பாருங்கள். ‘அம்மா’ எந்த எண்ணில் இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
11.10.2024

தம்பி,

முப்பத்தொன்று.

பட்டியலைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு முதலிலிருந்தே தெரியும். டிவி ஏன் தானாகத் திறக்கிறது என்பதும் தெரியும், உங்களுக்கு எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆறே முக்காலுக்குப் பாட்டு தொடங்கியதும் முப்பத்தொன்றை அழுத்தினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. அத்தை இல்லை, கேமராவையும் கழற்றியிருப்பீர்கள், கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். அத்தையின் அறை வந்தது. கட்டில் இருக்கிறது, மேலே அந்தப் பச்சைப் போர்வை மடித்து வைத்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தீர்கள். வேலைச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேராக என்னைப் பார்த்தீர்கள். எழுந்து நின்றுவிட்டேன் தம்பி. ஓடவும் முடியவில்லை.

"அண்ணே" என்றீர்கள். "இன்னைக்கு பத்தாங் காலி டவுன்ல வேல. முட்டி வலி" என்றீர்கள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "நாந்தாண்ணே அடைச்சேன். எந் தப்புதான். நீ இருக்கற எடத்துல மனசுல வெச்சுக்காத" என்றீர்கள். நீங்கள் செய்யாததை ஏன் செய்தேன் என்கிறீர்கள்? அதைக் கேட்ட பிறகும் மழையென்று எழுதினால் எனக்கு நல்ல கதி கிடைக்காது.

மாற்றியது நான். அத்தை போன அன்று மத்தியானம். டிவியைத் திறந்தாலே அத்தைதான் வருவார். சோறு சாப்பிடும்போது அத்தை, துணி மடிக்கும்போது அத்தை. நாம்தான் அவரைப் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் ஹாலில் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் குறை பார்த்த பார்வைதான் அது. அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே பட்டியலைத் திறந்து ‘அம்மா’வைக் கடைசிக்குத் தள்ளினேன். பாட்டு மேலே ஏறியது. சாயங்காலம் அவர் வந்ததும் முப்பத்தொன்றை அழுத்துங்கள் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் உங்களிடம் போனில் கத்திக்கொண்டிருக்கிறார். நான்தான் மாற்றினேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபம் தணியட்டும் என்று ஈரத்தலையோடு நின்றேன். கால் மணி நேரத்தில் உங்கள் போன் வந்தது, அத்தை போய்விட்டார் என்று. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? கடைசிக் கால் மணி நேரம் அத்தை கையைத் தூக்கிக் காட்டியிருப்பார், இங்கே பாட்டு ஓடியிருக்கிறது. பதினாறு முடியட்டும் என்றேன். பிறகு வருடம் திரும்பட்டும் என்றேன். ஆஸ்பத்திரியில், "கணேஸ் எம் பொணத்தத் தொடக்கூடாது" என்று அவர் சொன்னபோதுகூட, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

நீங்கள் திட்டுங்கள். வந்து அடித்தாலும் சரி. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஷாமளா


கோலா குபு பாரு
19.10.2024

அண்ணி அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

மூன்று வருடம், வேலை முடிந்து வந்த நாளெல்லாம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். அண்ணன் பார்க்கிறார், பார்த்துக்கொண்டேதான் வரமாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். முதல் வருடம் சத்தியம் பண்ணினேன். அடுத்த வருடம் திட்டினேன், கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். ஒப்புக்கொண்டால் வருவார் என்று யாரோ சொன்னார்கள், அதனால் செய்யாததைச் செய்தேன் என்றேன். சொல்லிச் சொல்லி, ஒருவேளை நான்தான் அடைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் போன பிறகும் உட்கார்ந்தேன், இப்போதாவது கேட்கும் என்று.

அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் இங்கே பேசிக்கொண்டிருக்க, அவர் வெளியே செடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். திட்டியதையும் கேட்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

உங்களைத் திட்ட எனக்கு ஒன்றும் வரவில்லை. மன்னிக்கவும் வரவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய கையோடு சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. வீட்டுக்கு வரமாட்டேன். இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மெனு, ‘சேனல் வரிசை’, கடைசியில் ‘அம்மா’. ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த வரி மஞ்சளாகும். மேல் அம்புக்குறியை முப்பது தடவை அழுத்துங்கள். ஒன்றுக்கு வந்ததும் விடுங்கள். டைமரைத் தொடாதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணன் படத்தை அவருடைய நாற்காலியில் வையுங்கள், டிவியைப் பார்த்த மாதிரி. விளக்கு ஏற்றுங்கள். ஆறே முக்காலுக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். விமலா வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்விடுங்கள், ஏழே கால் வரைக்கும் வராதீர்கள். நான் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிக்கொள்கிறேன்.

அது முடிந்ததும் கேமராவைக் கழற்றிவிடுவேன். நீங்கள் திரும்பி வரும்போது ஒன்றாம் நம்பர் கறுப்பாக இருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சேனலை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணேஸ்வரன்