தொட்டிலைக் கொடுக்கவில்லை

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமா என்று எப்போதும்போல எழுத வந்தேன், பேனா நகரவில்லை. எட்டு மாதம் சுமந்த பிள்ளையைப் பறிகொடுத்து ஐந்து வாரம்தான் ஆகிறது, உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன். தையல் ஆறிவிட்டதா, தூக்கம் வருகிறதா, அதை மட்டும் மாப்பிள்ளையை எழுதச் சொல்.

போன வாரம் போனில் நீ, "தொட்டில என்னப்பா பண்ணீங்க, யாருக்காவது குடுத்துடுங்க" என்றாய். கொடுத்தாச்சும்மா என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் பட்டறையில் எதையும் ஒரே பொருளில் செய்து எனக்குப் பழக்கமில்லை, உனக்கே தெரியும். உன் பிள்ளைக்கென்று செய்த தொட்டிலுக்கும் அப்படித்தான்: கால் இரும்பு, சட்டத்துக்கு இடித்த வீடு ஒன்றின் கதவு மரம், படுக்கை பிரம்பு. மரமும் இரும்பும் உரசிக் கிரீச்சென்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று நடுவில் தோல் வளையம் வைத்து மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். அம்மா ஐந்து கிலோ மாவுப் பையைக் கிடத்தி ஆட்டிப் பார்த்துவிட்டு, "பேரப்புள்ளையப் போடப் போறோமா, யானையப் போடப் போறோமா, இந்தக் கனம் கனக்குது" என்றாள். அன்று இருவரும் அப்படிச் சிரித்தோம்.

நீ சொன்னபடி கொடுக்கத்தான் பார்த்தேன். புத்தக அலமாரி வாங்க வந்த டீச்சர், போர்வைக்கு அடியில் அதைப் பார்த்துவிட்டு, மருமகளுக்கு நிறைமாசம், தருவீங்களா என்று கேட்டார். சரி என்று நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் அலமாரி ஏற்ற வந்த வண்டிக்காரர் பிடித்தார், மறுபக்கம் நான், வாசற்படி வரை போனோம். அதற்குமேல் என் கை விடவில்லை கண்ணு. "விடுங்க ஐயா, நான் ஏத்திக்கறேன்" என்கிறார் அவர், நான் பிடித்தபடியே நிற்கிறேன். டீச்சருக்கு என்ன புரிந்ததோ, "கீழ வச்சுடுங்க" என்றார். என் தோளைத் தொட்டுவிட்டு அலமாரியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே வந்தால், எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

கோபப்படாதே. ஒன்று கேட்கிறேன். தொட்டிலின் தலைமாட்டில் பெயர் வெட்டுவதற்கென்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி எல்லோரும் கேட்டோம், ஆறுதல் சொன்னோம். என் பேத்திக்கு என்ன பெயர் நினைத்து வைத்திருந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான். இப்போது கேட்கிறேன். மனம் வரும்போது எழுது, வெட்டி வைக்கிறேன். அப்புறம் தொட்டிலை வைத்திருங்கள் என்றால் வைத்திருக்கிறேன், பிரித்துவிடுங்கள் என்றால் என் கையாலேயே பிரிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை விட்டுவிடாதே. மாப்பிள்ளையும் பறிகொடுத்தவர்தான், அவரையும் அழவிடு. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் தாங்கி நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி முழுக்க அதற்குத்தான்.

உன்னிடம் பொய் சொன்ன,
அப்பா