லோரியில் போகிறவர்களைக் கேட்காத கூட்டம்

இன்று காலை வீட்டு கேட்டில் ஒரு காகிதம் செருகியிருந்தது. ராவாங்கில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்து இரவுச் சந்தைக்குப் புது விதிமுறை கொண்டுவரப் போகிறார்களாம். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தையில் கடை போடுகிறவர்களில் பாதிப்பேர் பகலில் தொழிற்சாலையில் நிற்கிறவர்கள். அந்த நேரத்துக்கு எவன் வருவான்? வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவள்தான் போவாள். காகிதத்தைக் கசக்கி எறியப் போனவள், உன் ஞாபகம் வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போன பிறகும் உன்னோடு பேசுவதை நான் விடவில்லை. மருமகள் பார்த்தால், அத்தைக்குக் கழன்றுவிட்டது என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோலசிலாங்கூர் தோட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உங்கள் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். நான் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனேன். நீ படித்துக் கோலாலம்பூரில் அரசாங்க இலாகாவில் சேர்ந்தாய். நம் லயத்து வீட்டு வரிசையே உன்னைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டது. நீயோ லீவில் வந்தால் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நேராக என் அடுப்படிக்கு வருவாய்.

எண்பதுகளின் நடுவில் அது. தோட்டத்துக்குள் வேலை குறைந்து, நம் பெண்கள் குத்தகைக்காரன் லோரியில் ஏறி வெளித்தோட்டங்களுக்கு மருந்து அடிக்கப் போகத் தொடங்கியிருந்தார்கள். என் தங்கை தனமும் அதில்தான் போனாள். நீயும் நானும் அந்த லோரியில் ஒரு நாளும் ஏறியதில்லை. நம் காலத்தில் வேலை காலடியிலேயே இருந்தது. அந்த வருஷம் ஒரு பெண் லோரியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். நின்றுகொண்டே போனவள், லோரி வளைந்தபோது பிடிக்க ஒன்றும் இல்லாமல் விழுந்துவிட்டாள். வேலையாட்களை லோரியில் ஏற்றுவதற்கு ஒரு விதி வேண்டும் என்று இலாகா அப்போதுதான் விழித்துக்கொண்டது. அதற்கான அறிக்கையை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்தது.

நீ என் அடுப்படியில் மணையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினாய்.

“எடுத்த எடுப்புல சட்டம் போட முடியாதுடி. ஒண்ணுமே செய்யாம விட்டா என்ன ஆகும்னு மொதல்ல எழுதணும். அப்புறம் வேற என்ன வழியெல்லாம் இருக்கு, எதுக்கு எவ்வளவு செலவு, எதுல யாருக்கு நஷ்டம்னு எழுதணும். கடைசியிலதான், இதுதான் நல்லதுன்னு காரணம் சொல்லணும்.”

“எங்க மாமியாரு சட்டம் போடறதுக்கு இவ்வளவு யோசிக்கிறதில்ல லா,” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உன் தேத்தண்ணீர் சேலையில் கொட்டியது. பக்கத்து அறையிலிருந்து மாமியார் செருமினார்.

உன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இருப்பதை அப்படியே விடுவது ஒன்று. லோரியில் ஆள் ஏற்றுவதையே தடுத்து, பஸ் விடச் சொல்வது இன்னொன்று. மூன்றாவது, லோரிக்கு இரு பக்கமும் கம்பி அடித்து, மேலே கித்தான் போட்டு, உட்காரப் பலகை வைப்பது. உன் மனசு பஸ் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் குத்தகைக்காரன் உன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்: “பஸ்ஸு விடணும்னா இந்தப் பொம்பளைங்க எனக்கு வேணாம்மா. வேலை செய்யற எடத்துலயே குடிசை போட்டுத் தங்கற ஆளுங்களை எறக்கிக்குவேன்.” அவன் சும்மா மிரட்டவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. “தனம் மாதிரி பொண்ணுங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி ஆயிடும்டி,” என்று நீ என்னிடம் புலம்பினாய். கம்பி அடிக்கும் வழிக்கு நீ வந்தது இந்தப் பயத்தினால்தான். உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று பிறகு பேசியவர்களை எல்லாம் என் கையால் அறைந்திருப்பேன். அவர்களில் முதல் ஆள் நானே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முடிவெடுக்கும் முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். மேலதிகாரியோடு இலாகா காரில் தோட்டத்துக்கு வந்தாய். கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூட்டம், காலை பத்து மணிக்கு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார், கோயில் தலைவர் இருந்தார், ஓய்வு பெற்ற ஆண்கள் வெற்றிலையோடு இருந்தார்கள். ஆயாக்கொட்டகையிலிருந்து ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து நின்றேன்.

நீ சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: “லோரியில போறவங்க யாருமே இல்லியா?”

“அவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டாங்கம்மா,” என்றார் மண்டோர். “நாங்க சொன்னா அவங்க சொன்ன மாதிரிதான். கேளுங்க, நான் சொல்றேன்.”

நீ மேலதிகாரி பக்கம் குனிந்து, சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமா என்று கேட்டாய். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீஸ் மூடுவதற்குள் கார் திரும்ப வேண்டுமாம். இவர்களும் அதே தோட்டத்து மக்கள்தானே என்றாராம். கெட்ட மனிதரில்லை அவர், பிள்ளைக்கு மிட்டாய் கூடக் கொடுத்தார்.

எல்லாரும் பேசினார்கள். பக்கப் பலகை உயரம் பற்றாது என்றார் கிராணி. பெண்கள் சிரித்துக் கூத்தடித்துக்கொண்டு நிற்பதால்தான் விழுகிறார்கள் என்றார் கோயில் தலைவர். பிடித்துக்கொள்ள ஏதாவது வைத்துக் கொடுங்கள் என்றேன் நான். நீ ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாய்.

தனம் வேலை முடிந்து வருவதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். மருந்து வாடையோடு வாசலிலேயே நின்று, “யாரக்கா கேட்டாங்க?” என்றாள். சொன்னேன். “மண்டோரும் கிராணியுமா லோரியில போறாங்க?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கேட்காமல் போவது அவர்களுக்குப் பழகிய ஒன்றுதான்.

விதி வந்தது. லோரிக்குத் தலைக்கு மேல் உயரம் வரை கம்பி அடித்தார்கள், கித்தான் இழுத்துக் கட்டினார்கள். ஏற இறங்கப் பின்பக்கக் கதவு மட்டும்தான். பலகையில் உட்கார்ந்து போன முதல் நாள் தனம் ராணி மாதிரி வந்து இறங்கினாள். “இப்பதான்க்கா மனுஷங்க மாதிரி போறோம். உன் கூட்டாளிய நான் கேட்டேன்னு சொல்லு,” என்றாள். நான் சொன்னேன். உனக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

அந்தக் கொட்டகையில் இருந்த ஒருவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. மருந்து கலக்கும் பீப்பாய்களைக் கடைசியாகத்தான் ஏற்றுவார்கள், வேலைக்காட்டில் முதலில் இறக்க வேண்டியவை அவைதான் என்பதால். ஆகவே அவை எப்போதும் பின்கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்பு பெண்கள் சக்கரத்தில் கால் வைத்துப் பக்கவாட்டில் ஏறினார்கள், அப்படியே குதித்து இறங்கினார்கள். பின்கதவை அவர்கள் தொட்டதே இல்லை. கம்பி அடித்த பிறகு, பெண்கள் முதலில் பின்பக்கமாக ஏறி உட்கார, அவர்களுக்குப் பின்னால் பீப்பாய்களை ஏற்றிக் கதவுக்கு வெளியே கொண்டி மாட்டினார்கள். லோரியில் போகிற எவளுக்கும் இது தெரியும். கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்காதபோது, இதை ஒரு விஷயம் என்று எவள் வந்து சொல்வாள்?

தஞ்சோங் காராங் போகிற பாதையில், விடாத மழையில், லோரி வழுக்கி வாய்க்காலில் பக்கவாட்டில் சாய்ந்தது. வயலில் இருந்த சீனர்களும் மலாய்க்காரர்களும் ஓடிவந்து தண்ணீரில் குதித்தார்கள். பீப்பாய்கள் உருண்டு கதவை உள்ளிருந்து இறுக்கிவிட்டன. கத்தியால் கித்தானைக் கிழித்துச் சிலரை இழுத்துப் போட்டார்கள். தனத்தை இழுக்க முடியவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது என் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. அதன் அம்மாவும் அந்த லோரியில்தான் போயிருந்தாள். நான் அலறியதில் பிள்ளையும் வீறிட்டது, அதைக் கீழே விடவும் எனக்குத் தோன்றவில்லை.

பழைய லோரியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூக்கி எறியப்பட்டிருப்பார்கள், கை கால் போயிருக்கும், ஒருவேளை உயிரும் போயிருக்கும். இதை எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? தனத்தின் விரல் நகங்களை நான் பார்த்தேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து அவை கிழிந்திருந்தன. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த ஆறுதலும் ஏறவில்லை.

நீ சாவுக்கு வந்தாய். லயத்து வாசலில் எல்லார் முன்னாலும் நான் கத்தினேன்: “உன் சட்டத்த எடுத்துக்கிட்டுப் போடி! எங்களுக்கு நல்லது செஞ்சது போதும்!” மாமியார் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நீ போகவில்லை. தனத்தை எடுக்கும் வரை சாக்கடை ஓரத்தில் நனைந்துகொண்டே நின்றாய்.

இலாகா மறுபடியும் ஓர் அறிக்கை கேட்டது. விழுந்து சாகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், விதியில் குறை இல்லை, டிரைவர்தான் வேகமாகப் போனான் என்று எழுதச் சொன்னார்களாம். நீ அப்படி எழுதவில்லை. லோரியில் போகிறவர்களைக் கேட்காமல் செய்த விதி இது, பஸ்தான் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாய். பஸ்ஸும் வரவில்லை, உன்னையும் வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். இதற்கிடையில் குத்தகைக்காரன், சாவு விழுந்த தோட்டத்து ஆட்கள் வேண்டாம் என்று குடிசை ஆட்களைக் கொண்டுவந்துவிட்டான். எந்த வேலையைக் காப்பாற்ற நீ அந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்தாயோ அந்த வேலையும் போயிற்று. மிஞ்சிய பெண்கள் ராவாங் தொழிற்சாலைகளுக்குச் சிதறினார்கள்.

தோட்டத்தை முதலாளி விற்றுவிட, நாங்களும் இங்கே வந்த பிறகு, ஒரு நாள் நீ பழங்களோடு வாசலில் வந்து நின்றாய். உள்ளே வா என்றேன். அதன் பிறகு எத்தனையோ முறை வந்தாய். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், முட்டி வலியைப் பற்றிப் பேசினோம், விலைவாசியைத் திட்டினோம். தனத்தின் பெயரை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

கடைசியில் நீதான் எடுத்தாய். ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியானம். உன் மகள் ஜன்னல் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் என் தப்பு இல்ல, என் தப்பு இல்லன்னு ஒரே பாட்டாப் பாடிட்டாங்கடி,” என்றாய். “நீயாவது நெசத்த சொல்லு. அன்னிக்கு நான் சாயங்காலம் வரைக்கும் இருந்து தனத்தக் கேட்டிருந்தா, அந்தப் பீப்பாயப் பத்திச் சொல்லியிருப்பாளா?”

உன் மகள் கை நின்றது. இல்லை என்று சொல் என்று அவள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே?

“சொல்லியிருப்பாடி,” என்றேன். “மொத வார்த்தையே அதுதான் வந்திருக்கும். அவ வாயி சும்மாவா இருக்கும்?”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். கண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. “அப்படித்தான் நானும் நெனச்சேன்,” என்றாய். நான் கிளம்பும் வரை என் கையை விடவில்லை.

உன் மகள் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாகக் கிடந்தவளிடம் போய் அப்படியா சொல்வது என்று அவளுக்குக் கோபம்.  உன்னை நிம்மதியாக அனுப்பியிருக்கக் கூடாதா என்று சில நாள் என்னை நானே திட்டிக்கொள்வேன். ஆனாலும் இன்னொரு முறை நீ கேட்டால் அதையேதான் சொல்வேன். இல்லை என்று நான் சொல்லியிருந்தால், தனத்தைக் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகியிருக்கும். இரண்டும் ஒன்றில்லை. நீ அவளைக் கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள்.