எட்டாம் மாதக் கிரகணம்

கார்த்திகை 3, திங்கள்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. குவார்ட்டர்ஸ் முழுக்க ஈர வாடை.

குழந்தை பிறந்து மூன்று வாரம். மேலுதடு பிளந்த குழந்தை. உறிஞ்ச வராது. பாலாடையில் புகட்டினால் பாதி மூக்கு வழியே. நான் புகட்டினால் புரையேறி நீலம் பாய்கிறது. அத்தை (மாமியார்) கைப்பக்குவத்துக்குத்தான் பால் இறங்கும். ஒரு வாரமாக அவர் குழந்தையைத் தொடுவதில்லை.

டாக்டர்: எடை ஏறினால் தையல் போட்டுச் சரி செய்யலாம். ஏறாவிட்டால்?

குழாயடியில் பக்கத்து வீட்டம்மா: "கெரகண மூளி. டீச்சரம்மா வெளிய வந்துகீறாங்க போல."

கிரகணத்தன்று நான் வெளியே வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் சூரியன், சந்திரன், பூமி என்று கரும்பலகையில் வரைந்த அதே வாரம், வீட்டில் அத்தை சொன்னபடி இருட்டறையில் மல்லாந்து கிடந்தேன். கத்தி தொடவில்லை. நகம்கூடக் கடிக்கவில்லை. கிரகணம் விட்டால் உலக்கை சாயுமாம்; தாம்பாளத் தண்ணீரில் அது நிற்கிறதா என்று அத்தை வாசலில் காவல்.

கார்த்திகை 5, புதன்

மழை. சோப்பு தீர்ந்தது.

அம்பத்தூரிலிருந்து எங்கள் தலைமையாசிரியை வந்தார். ஆரஞ்சு நாலு. "நீங்க சயன்ஸ் படிச்சவங்க. ஒரு செல்லுக்குள்ள அத்தனை ஒழுங்குன்னா, அமைச்சவன் இருக்கணுமில்ல? அவன்கிட்ட விடுங்க."

வருஷா வருஷம் தவளை இதயத்தைக் காட்டிப் பெண்களிடம் நான் சொல்வதும் இதேதான்.

பிறகு கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். உதடு கூடுவது இரண்டாம் மாதத்துக்குள். கிரகணம் வந்தது எட்டாம் மாதம். என்மேல் தப்பில்லை. அத்தைமேல் தப்பில்லை. அப்படியானால் மிச்சம் யார்? அந்த அமைத்தவனா? படிக்காமலே இருந்திருக்கலாம்.

கார்த்திகை 8, சனி

குழந்தைக்கு எடை குறைந்திருக்கிறது. அழுகைகூடச் சன்னமாகிவிட்டது.

சாமி மாடத்தில் விளக்கில்லை. "ஏத்தலையா அத்தே?" என்றேன்.

"யாருக்கு ஏத்தறது? ஒன்னு வுடாம செஞ்சேன். அப்பறம் இன்னாத்துக்கு இப்டி? அந்த மூஞ்சப் பாத்தா வவுறு எரியுது. என்னால தூக்க முடியலடி."

நான் படித்துச் சேர்ந்த அதே கேள்விக்கு அவரும் வந்துவிட்டார். புத்தகமே இல்லாமல். பயமாக இருந்தது.

சொன்னேன்: "அன்னிக்கு நீங்க உலக்கையப் பாக்கப் போனீங்களே, அப்போ கத்தியெடுத்துக் கொய்யாக்கா நறுக்கித் தின்னேன் அத்தே."

கன்னத்தில் ஒரு அறை. "படிச்ச திமிரு! புள்ள வாயக் கீசிட்டியேடி!" தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவினார். விளக்கேற்றினார். திருமுல்லைவாயில் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்.

கன்னம் இன்னும் காந்துகிறது.

கார்த்திகை 9, ஞாயிறு

தூறல். காலையில் ஒரு பாலாடை முழுக்க இறங்கியது. மூக்கில் வரவில்லை.

பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் அத்தை எல்லாம் சொல்லிவிட்டார். அவர் நம்பிவிட்டார். "நீயா இப்டி?" பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். மறுக்க முடியாது. மறுத்தால் விளக்கு அணையும், பால் நிற்கும்.

சாயங்காலம் அத்தை இழுத்துக்கொண்டு போய் மாடத்தின் முன் நிறுத்தினார். "மன்னிப்புக் கேளு."

கை கூப்பினேன். கேட்க ஒன்றும் வரவில்லை. நான் கொய்யா நறுக்கவில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.