திவசத்தன்று போட்ட ஊசி

பெரும்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சகினாவுக்கு,

நிஷா எழுதுகிறேன். குவைத்தில் வெயில் எப்படி, உன் முதுகுவலி எப்படி என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். முடியவில்லை. கோபமாக இருக்கிறேன், உன்மேலும் சேர்த்துத்தான். போனில் பேசினால் கத்திவிடுவேன். உன் தங்கை ஆயத் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறாளே, அவளிடம் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரே ஒரு வரிதானேடி, எழுதிக் குடுத்துட்டு ஃபிளைட் ஏறு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அது என்ன வரி என்று முழுசாகக் கேட்டாயா? இப்போது கேள்.

அபிராமபுரத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த வீடு உனக்குத் தெரியும். பெரியவர் அனந்தராமன் சர்க்கரை வியாதிக்காரர், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மகன் ஸ்ரீவத்சன், மருமகள் ஜானு மாமி. நல்ல மனிதர்கள் என்று நானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சமையலறைக்குள் மட்டும் நான் போகக் கூடாது. அவர்கள் வீட்டுப் பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். என் வேலை அவர் உடம்போடு, அவர்கள் அடுப்போடு இல்லை.

போன வாரம் பெரியவருடைய அப்பாவுக்குத் திவசம். குளித்து மடியாக உட்கார்ந்துவிட்டால் வெளியாள் யாரும் அவரைத் தொடக் கூடாதாம். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முந்தின நாளே ஸ்ரீவத்சனிடம், நாளைக்கு அப்பா எப்போது சாப்பிடுவார் என்று கேட்டேன். புரோகிதர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், மதியம் தாண்டிவிடும் என்றார். அப்படியானால் வழக்கமான காலை ஊசியைப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். ஊசியும் போட்டுப் பட்டினியும் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று புரியும்படிதான் சொன்னேன். எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். என்னைக் கார் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தினமும் போடுவதுதானே என்று அவரே ஊசியைப் போட்டுவிட்டார். டாக்டரையும் கேட்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

உள்ளே மந்திரம் நடந்துகொண்டிருந்தபோது பெரியவர் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. சர்க்கரை இறங்கினால் மட்டும் திட்டுவார், அது எனக்குத் தெரியும். ஓடினேன். அவருக்கு உடம்பெல்லாம் வியர்வை, கண் சொருகுகிறது. ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். "காலம்பறவே போட்டேனே" என்றார் ஸ்ரீவத்சன். மடியாக இருக்கிறார், தொடாதே என்று யாரோ சொன்னார்கள். தொட்டேன். சமையலறைக்குள்ளும் போனேன். சர்க்கரை டப்பா எங்கே என்றால் ஜானு மாமி விரலை மட்டும் நீட்டினார். தண்ணீரில் கரைத்து, அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தேன். அப்புறம்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டது யார் என்று டாக்டர் கேட்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஸ்ரீவத்சன் கூசாமல் சொன்னார், "நர்ஸ்தான்." ஜானு மாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இல்லை, நான் இல்லை என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெரியவரிடம் போய் நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். ஒன்றும் ஞாபகமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது மட்டும் மெதுவாக, "நாளைக்கு வருவியோன்னோ?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மறுநாள் நம் ஏஜென்சியின் அடையாறு ஆபீஸில் மேனேஜர் சித்தார்த்தன் வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். கவனக்குறைவாக ஊசி போட்டது நான்தான், மன்னிக்கவும் என்று ஒரு வரி. எழுதினால் வேறு வீடு, குவைத்துக்கு வேண்டிய அனுபவச் சான்றிதழும் கையோடு. எழுதாவிட்டால் இரண்டும் இல்லை. எங்கள் அம்மாவும் உன் கட்சிதான். "எயுதிக் குட்த்துட்டுப் போயேன், இன்னா இப்போ? நீ இன்னா கொலையா பண்ணே?" என்கிறாள். நான் செய்யவில்லை, அதனால்தானே எழுத முடியாது என்கிறேன்.

என் மானம் மட்டும் என்றால்கூட விழுங்கியிருப்பேன், சகினா. யோசித்துப் பார். நான் எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? தப்பு நர்ஸுடையது, நர்ஸை மாற்றியாகிவிட்டது, இனி பயமில்லை. ஆனால் மாதா மாதம் அமாவாசை வருகிறது. தர்ப்பணம் முடிகிற வரைக்கும் பெரியவர் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அன்றைக்கும் அந்த மகன் தினமும் போடுவதுதானே என்று ஊசியை எடுப்பார். என் ஒரு வரி அவருக்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடாதா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி சித்தார்த்தனிடம் கொடுத்தேன். அந்த டாக்டருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சித்தார்த்தன் சொல்லிவிட்டார்.

நேற்று பெரியவர் வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு அபிராமபுரம் போனேன். நோயாளியை அடுத்தவளிடம் ஒப்படைக்காமல் வரக் கூடாது என்று நம் இருவருக்கும் ஒரே வகுப்பில்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? கேட்டைத் திறக்கவில்லை. புது நர்ஸைக் கூப்பிட்டுக் கம்பி வழியாகவே சொன்னேன். அவர் திட்ட ஆரம்பித்தால் கோபம் என்று நினைக்காதே, சர்க்கரையைப் பார். விசேஷ நாள் என்றால் சாப்பாடு எப்போது என்று கேட்காமல் ஊசியைத் தொடாதே, யாரையும் தொட விடாதே. சந்தேகம் என்றால் டாக்டருக்குப் போன் போடு. ஜானு மாமி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

உன் அறையில் எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறாயே ஜன்னலோரக் கட்டில், அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. வாடகையை நீ ஒருத்தியே சுமக்க வேண்டாம். நீ எனக்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பாய் என்று தெரியாமல் இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளை உன் முன்னால் வைத்திருந்தால் நீ எழுதிக் கொடுத்திருப்பாயா? பதில் போடு. ஒரே ஒரு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. வருகிற திங்கள்கிழமை அமாவாசை. அன்று காலை உன் தொழுகையில் அந்தப் பெரியவரையும் நினைத்துக்கொள்.

கோபம் தீராத உன் தோழி,
நிஷா