ஓரத்துத் துண்டு

மார்ச் 4
காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் பித்தநாளம் குடலில் சேரும் இடத்துப் புற்றுநோய்கள்தான். சாதாரணச் சாயத்தில் எல்லாம் ஒரே மூஞ்சி. மார்க்கர் சாயம் போட்டால்தான் குட்டு உடையும். குடல் மார்க்கர் பழுப்பாகப் பிடித்தால் குடல் வகை. மற்றது பிடித்தால் பித்தநாள வகை. மருந்தே மாறும்.

சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் நோயில்லாத குடல்வால் துண்டு ஒன்று. அது என்னுடையது. இரண்டு வருஷம் முன்னால் வலி வந்து எடுத்தார்கள். "வெறும் வீக்கம்தான். வீணாக்காதடி, கன்ட்ரோலுக்கு ஆகும்" என்று வாயாடிதான் அதைப் பதித்த மெழுகுக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பக்கத்து மேஜை டாக்டர். கல்லூரியிலிருந்தே அந்தப் பெயர்.

மார்ச் 11
ஓரத்துத் துண்டை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பழுப்பு ஏறியிருக்கிறதா, சரி, அடுத்தது. இன்று என்னவோ கண் அங்கேயே நின்றது. உள்வரிசையில் பழுப்பு, அது இருக்க வேண்டியது. தசைக்குள்ளும் ஒரு புள்ளி. சாயக் கசடாயிருக்கும்.

மார்ச் 13
வேறு நோயாளி, வேறு ஸ்லைடு. அதே இடம். இப்போது மூன்று.

மார்ச் 19
கசடு இல்லை. கொத்து. உப்பிய புற்று செல்கள், தசை நடுவே சாவகாசமாக. டெக்னீஷியன் அண்ணன் மெழுகைச் சீவச் சீவ கொத்து பெரிதாகிறது. மெழுகில் எதுவும் வளராது என்று எனக்குத் தெரியாதா? அது வளரவில்லை. நாங்கள்தான் அதன் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

வயிற்றில் மிச்சம் இருந்தால்? அது இரண்டு வருஷமா சும்மாவா இருந்திருக்கும்? ஐயோ.

மார்ச் 20
இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னேன். "கன்ட்ரோல் நல்லாத்தானே மேடம் பிடிக்குது?" என்றார் அண்ணன். நல்லாத்தான் பிடிக்குது. அதான் பயமே.

மார்ச் 21
"லூசு, கசடுடி அது" என்று சொல்லிக்கொண்டே வாயாடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அன்னிக்கு நுனியை மட்டும்தான்டி பார்த்தேன்." அழுதாள். நான் அவளைத் தேற்றினேன் — கூத்தைப் பார்.

ஏப்ரல் 2
ஸ்கேனில் வலது சினைப்பையில் கட்டி. "சாதாரணக் கட்டியா இருக்கும்மா" என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

ஏப்ரல் 9
எடுத்தாகிவிட்டது. தையல் இழுக்கிறது.

ஏப்ரல் 17
இன்று ஸ்லைடின் நடுவில் நான், ஓரத்தில் யாரோ. குடல் மார்க்கர் பிடித்தால் குடல்வாலிலிருந்து பரவியது. பிடிக்காவிட்டால் சினைப்பையில் தானாக வந்த கட்டி, எடுத்ததோடு போயிற்று. ஸ்லைடைப் பார்க்க என்னை விடவில்லை. வெளியே நோயாளிகளின் வரிசையில் உட்கார்ந்து, பிடிக்காதே, பிடிக்காதே என்று சாயத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. வாயாடி என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "இதுக்கு மருந்து இருக்குங்க."